படத்துக்கு மேலே ஒரு விளக்கு

எங்கள் ஹாலைப் பார்க்கிறவர்கள், இது எந்த சினிமாவில் வந்த வீடு என்று கேட்க வேண்டும். அதற்காகத்தான் மூன்று மாதம் உயிரை விட்டேன். அந்த சினிமாவில் கதை என்று ஒன்றும் பிரமாதமில்லை. வீட்டுக்காகவே போனில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். தேன் நிறச் சுவர், பிரம்பு சோபா, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி கசங்கிய மெத்தை. டியூப்லைட்டே கிடையாது. மூலைக்கு மூலை மஞ்சள் விளக்கு. நடுச்சுவரில் ஒரே ஒரு கருப்பு வெள்ளைப் படம், அதன் மேல் வளைந்து நிற்கும் பித்தளை விளக்கு.

மைசூர் விஜயநகரில் இருக்கும் எங்கள் வாடகை வீட்டை அப்படியே மாற்றினேன். கல்யாண போட்டோவை பீரோவுக்குப் பின்னால் தள்ளினேன். தங்க நிற பிரேம், பின்னணியில் நீர்வீழ்ச்சி, காலடியில் இரண்டு அன்னங்கள், எல்லாம் கொள்ளேகால் ஸ்டூடியோக்காரரின் கைவண்ணம். என் கணவர் பரத்துக்கு வருத்தம்தான். நாம் இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிற போட்டோ அது ஒன்றுதானே என்றார். அன்னத்தை வைத்துக்கொண்டு நான் யாரையும் வீட்டுக்குக் கூப்பிட முடியாது என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பதிலாக, அவர் தனியாகச் சிரிக்கும் படம் ஒன்றைக் கருப்பு வெள்ளையாக்கிப் பெரிதாக்கி நடுச்சுவரில் மாட்டினேன். மேலே பித்தளை விளக்கு. அச்சு அசல் சினிமா.

ஆனால் பரத்துக்கு ஆளில்லாத இடத்தில் விளக்கு எரிந்தால் பொறுக்காது. அவர் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போவார். நான் பின்னாலேயே போட்டுக்கொண்டு வருவேன்.

பாக்கி இருந்தது, சினிமாவில் வருகிற மாதிரி ஒரு சாய்வு நாற்காலி. ஹனூரில் மாமனார் வீட்டில் பழையது ஒன்று கிடந்தது. சனிக்கிழமை காலையில் நண்பரின் டெம்போவை வாங்கிக்கொண்டு அதை ஏற்றி வரப் போனார். அடுத்த வாரம் போகலாமே என்றவரை, கேட்காமல் நான்தான் துரத்தினேன்.

அன்றைக்குத்தான் சென்னம்மா எங்கள் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். பக்கத்துத் தெருவில் பல வருஷமாக வேலை செய்கிறவள்; எங்களை அதற்கு முன் பார்த்ததில்லை. மத்தியானம் வந்தவளைப் பெருக்கித் துடைக்கச் சொல்லிவிட்டுத் தலைக்குக் குளிக்கப் போனேன். ஈரத் தலையை விரித்துப் போட்டபடி வந்தபோது அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தைர்யவாகிரிம்மா," என்றாள். கன்னடத்தில் தைரியமாக இருக்கச் சொல்கிறாள். எதற்கு என்று நான் கேட்பதற்குள் படியிறங்கிப் போய்விட்டாள்.

ஹாலுக்கு வந்தேன். சாமிக்கென்று வாங்கிப் பூஜைத் தட்டில் வைத்திருந்த மல்லிகைச் சரம் பரத்தின் படத்தில் தொங்கியது. கண்ணாடியில், நெற்றிக்கு நேராக, சந்தனப் பொட்டு. மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

நம் வீடுகளில் ஒற்றை ஆள் படத்துக்கு எப்போது விளக்குப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன? தாத்தா படத்துக்குக் கீழே ராப்பகலாகச் சிவப்பு பல்பு எரிந்த வீட்டில்தான் வளர்ந்தேன். சினிமாவில் பார்த்தவுடன் அதெல்லாம் எங்கே போயிற்றோ. சென்னம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. என் நெற்றியில் பொட்டில்லை. தாலி, ஆபீஸ் பழக்கத்தில், பீரோவுக்குள். இந்தச் சின்ன வயதில் இப்படியா என்று அவள் மனசு தவித்திருக்கும்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவரிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டேன். அதே குரல், அதே பதில். கொள்ளேகால் தாண்டினால் அந்தப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் மூன்றாவது முறை போட்டேன்.

சரத்தை எடுத்தேன். விளக்கை அணைக்க சுவிட்சில் கை வைத்தேன். கை அங்கேயே நின்றுவிட்டது.

விளக்கை அணை என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. குளிர வை என்பார்கள். இது எண்ணெய் விளக்கில்லை, வெறும் பல்பு, நேற்றுவரை தினமும் அணைந்து எரிந்த பல்பு. ஆனால் பூவும் சந்தனமும் வைத்த பிறகு அது அவருடைய விளக்காகிவிட்டது. எரிந்தால் இறந்தவரின் விளக்கு. அணைத்தாலோ, அவர் ரோட்டில் இருக்கும்போது அவர் விளக்கை நானே அணைத்ததாகும். என்ஜினீயரிங் படித்தவள் சுவிட்சைத் தொட்டபடி வேர்த்து நின்றேன்.

மாமியாருக்குப் போன் போட்டேன். சாப்பிட்டுவிட்டு அப்போதே கிளம்பிவிட்டானே, இன்னுமா வந்து சேரவில்லை என்று அவர் என்னையே கேட்டார். வந்துவிடுவார் அத்தை என்று அவருக்குத் தைரியம் சொல்லிவிட்டு, தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாற்காலிக்காக அனுப்பினேன். சினிமாவில் இருந்ததே என்று ஒரு நாற்காலிக்காக.

வெளியே மேகம் கட்டியது. எங்கள் லேஅவுட்டில் நாலு துளி விழுந்தால் கரண்ட் போய்விடும். அந்த விளக்கு யுபிஎஸ் லைனிலும் இல்லை. பிளக்கைப் பிடுங்கி மாற்றிச் சொருகலாம் என்றால், பிடுங்கும் அந்த ஒரு நொடி அணையுமே. இடி இடித்தது. விளக்கு ஒருமுறை சிமிட்டியது.

அப்போதுதான் பீரோவுக்கு ஓடினேன். தாலியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். பொட்டு வைத்தேன். பின்னால் கையை விட்டுக் கல்யாண போட்டோவை இழுத்தேன். ஒட்டடையோடு வந்தது. அவர் தனிப் படத்தைக் கழற்றினேன். கவிழ்த்து வைக்க மனம் வரவில்லை. கட்டிலில் வைத்தால் படுக்கப் போட்ட மாதிரி இருந்தது. கடைசியில் படுக்கையறை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்தேன். விளக்குக்குக் கீழே கல்யாண போட்டோவை மாட்டினேன். அவர், நான், நீர்வீழ்ச்சி, அன்னங்கள். இந்த விளக்கு யாருக்காக எரிந்தாலும் சரி, இரண்டு பேருக்கும் சேர்த்து எரியட்டும். அவர் இல்லாத வீட்டில் எந்தச் சுவர் என்ன நிறம் இருந்தால் எனக்கென்ன.

அதன் கீழேயே உட்கார்ந்திருந்தேன். மழை பெரிதாக வராமல் போய்விட்டது.

இருட்டத் தொடங்கியபோது டெம்போ சத்தம் கேட்டது. நரசீபுரத்துக்கிட்டே டயர் பஞ்சர், போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லிக்கொண்டே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார்.

"என்ன வைஷாலி, அன்னமெல்லாம் திரும்பிப் பறந்து வந்துருச்சு?"

நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். பசியோ என்னவோ என்று நினைத்து முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு, முகம் கழுவக் கிளம்பினார். போகிற போக்கில், பழக்க தோஷம், சுவிட்சுக்குக் கை நீண்டது.

பாய்ந்து பிடித்தேன். மைசூரில் வளர்ந்த எனக்கு அவரை 'ஏங்க' என்று கூப்பிட வராது, கன்னடத்து 'ரீ'தான் வரும்.

"வேண்டாம் ரீ. அது எரியட்டும்."

என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார். கையை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனார். எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த தன் படத்தின் முன்னால், அதன் நெற்றியில் இருந்த சந்தனத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். பிறகு கைக்குட்டையால் அதை மெல்லத் துடைத்தார்.

இப்போதும் மற்ற விளக்குகளை எல்லாம் அணைத்துக்கொண்டுதான் வருகிறார். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் வந்ததும் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடந்துவிடுகிறார்.