அனுமதி வரும்வரை இருபது

பாறசாலை ஈஸ்வரமூர்த்தியின் மகள் சங்கரிக்கு ஒன்பது வருடம் தொடர்ந்து இருபது வயதாகவே இருந்தது. ஊரில் யாரும் இதற்காக மூக்கில் விரல் வைக்கவில்லை. ரப்பர் விலை விழுந்துவிட்டது, நெய்யாற்றின்கரை பஸ் நேரம் மாறிவிட்டது, சங்கரிக்கு வயது ஏறவில்லை என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போனார்கள். வயது நின்ற அன்று அவளுக்கு ஜலதோஷம் இருந்தது. அதனால் ஒன்பது வருடமும் ஜலதோஷம் இருந்தது. கடைவாயில் ஒரு பல் பாதி முளைத்து வலித்துக்கொண்டிருந்தது. அதுவும் பாதியிலேயே நின்று வலித்தது. தலைமுடி ஒரு விரற்கடைகூட வளரவில்லை. எண்ணெய் மட்டும் எல்லாரையும் போல வாரம் இரண்டு தடவை வைத்தாள்.

ஈஸ்வரமூர்த்தி பழைய சைவக் குடும்பத்துக்காரர். முன்னோர்கள் மகாராஜா காலத்தில் கச்சேரியில் எழுத்து வேலை பார்த்தவர்கள், அவருக்கு உரக்கடை. பெருங்கடவிளையில் தாத்தா வைத்த ரப்பர் தோட்டமும் இருந்தது. ஒருநாள் திருவனந்தபுரத்தில் ஒரு ஓட்டலில் நடந்த கூட்டத்துக்குப் போய்விட்டு, வெளிநாட்டுக் கடற்கரைப் படம் போட்ட பையோடு திரும்பி வந்தார். மத்தியதரைக் கடலோரம் ஒரு சின்ன நாடு. அங்கே ஒரு வீடு வாங்கிப் போட்டால் குடும்பம் முழுவதற்கும் குடியிருக்க அனுமதி, சில வருடம் கழித்துக் குடியுரிமை. பிள்ளைகள் மட்டும் இருபத்தொரு வயது தாண்டாதவர்களாக இருக்க வேண்டும். ஏஜென்ட் அனூஜ் அந்தப் புழுக்கத்திலும் கோட்டுப் போட்டு நின்றுகொண்டு, ‘ஆறு மாசம், உறப்பு’ என்று நிச்சயமாகச் சொன்னான். தோட்டம் விலை போயிற்று. அங்கே போய்ப் படிப்பை முடித்துக்கொள்ளலாம் என்று அனூஜ் சொன்னதால் சங்கரி கல்லூரியிலிருந்து இரண்டாம் வருடத்திலேயே நின்றுவிட்டாள். அவளுக்குச் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. அந்த நாட்டுப் பாஷையைப் போனில் படித்து, பால் கொண்டுவருகிற செல்லையனுக்கு அதிலேயே காலை வணக்கம் சொன்னாள். பாவம், அவரும் தலையாட்டினார்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் புத்தியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீடு கேரளத்தில் இருக்கும், கட்டிக்கொடுத்த பெண் தமிழ்நாட்டில் இருப்பாள். காலையில் எல்லை தாண்டிக் களியிக்காவிளை போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு, அடுப்பில் வைத்த பருப்பு வேகும் முன் திரும்பிவிடுவோம். எல்லை என்றால் எங்களுக்கு பஸ் மாறுகிற இடம். அப்பால் ஒருவன் உட்கார்ந்துகொண்டு, வா வா என்று கூப்பிட்டு, கொடுத்ததையெல்லாம் வாங்கி உள்ளே வைத்துவிட்டு, கதவை மட்டும் திறக்காமல் இருப்பான் என்று சொன்னால் எங்களுக்கு மண்டையில் ஏறாது. ஏறியிருந்தால் சங்கரியின் தாய் நீலாம்பாள் அந்த நேர்ச்சையை நேர்ந்திருக்க மாட்டாள்.

ஆறு மாதம் ஒரு வருடமாயிற்று, அதற்கு மேலும் ஆயிற்று. ஆவணியில் வரும் சங்கரியின் இருபத்தொன்றாம் பிறந்தநாளுக்குச் சில நாள்தான் பாக்கி. தாண்டிவிட்டால் அவள் பெயர் மனுவிலிருந்து போய்விடும். தாய்க்காரி நீலாம்பாள், ஜலதோஷத்தோடு தூங்கிக்கொண்டிருந்த மகளை எழுப்பாமல், தனியாக இசக்கியம்மன் கோயிலுக்குப் போனாள். அந்தக் கோயிலில் நேர்ச்சைக்கு ஒரு முறை உண்டு. பூசாரி பொன்னப்பன் மஞ்சள் துணியில் முடிச்சுப் போடுமுன் ‘எதுவரைக்கும்?’ என்று கேட்பார். நேருகிறவர் ஒரு முடிவைச் சொல்லியாக வேண்டும். விவரமானவர்கள் ‘அடுத்த கொடை வரைக்கும்’ என்பார்கள். அம்மன் திருவிழாவான கொடை எப்படியானாலும் வருடம் தவறாமல் வந்துவிடும். நீலாம்பாள், ‘அனுமதி வாறது வரைக்கும் எக்க பிள்ளைக்கி வயசு ஏறப்பிடாது தாயே, வந்தா பட்டும் பொங்கலும் தாறேன்’ என்றாள். பொன்னப்பன் முடிச்சைப் பாதியில் நிறுத்தினார்.

“கொடை வரைக்கும்னு சொல்லுங்கம்மா. அதாக்கும் நல்லது.”

“கொடைக்குள்ள வரல்லன்னா என்ன செய்ய? நான் சொன்னபடி போடு பொன்னப்பா.”

போட்டார். இசக்கி எடுத்த காரியத்தை அரைகுறையாக விடுகிறவள் அல்ல. சங்கரியின் வயது அன்றே நின்றது மட்டுமல்ல, பாஸ்போர்ட்டில் அவள் பிறந்த வருடமும் ஆவணிக்கு ஆவணி ஒன்று கூடிக்கொண்டே போயிற்று. நகராட்சிப் பதிவிலும் பள்ளிக்கூடச் சான்றிதழிலும் அப்படியே. எந்த அதிகாரியும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு வயது இளையவனான தம்பி கிருஷ்ணகுமார் அடுத்த வருடம் அவளோடு சமமானான், அதற்கடுத்த வருடம் அவளைத் தாண்டினான். அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், ஏட்டி சங்கரி என்று ஆரம்பித்தான். அவனுக்கும் இருபத்தொன்று நெருங்கியபோது நீலாம்பாள் மறுபடியும் மஞ்சள் துணியோடு புறப்பட்டாள். அவன் வாசலை மறித்துக்கொண்டு, எனக்கு வேலைக்குப் போகணும், கல்யாணம் முடிக்கணும், எனக்கு நேர்ந்தால் இந்த வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று கத்தினான். அவனுடைய பெயர் மனுவிலிருந்து போயிற்று. அவன் கூட்டுறவு வங்கியில் வேலைக்குச் சேர்ந்து நன்றாகவே இருந்தான்.

அந்த நாடோ ஒவ்வொரு வருடமும் ஒரு புதுக் காரணம் சொன்னது. கைரேகை எடுக்கும் யந்திரம் மாறுகிறது என்றது. பிறகு கொரோனா என்றது. பிறகு துறையையே கலைத்து வேறு பெயரில் வைத்திருக்கிறோம், பழைய மனுக்களைப் புது ஆட்கள் முதலிலிருந்து படிக்கிறார்கள் என்றது. ஐந்து வருடத்தில் குடியுரிமை என்றிருந்ததைப் பத்து வருடம் ஆக்கியது, அதுவும் அனுமதி கிடைத்த நாளிலிருந்து. ஈஸ்வரமூர்த்தி வாங்கிய வீட்டில் யாரோ குடியிருந்தார்கள்; அவர் அதன் படத்தைத்தான் பார்த்திருந்தார். அனூஜ் கொஞ்ச காலம் ‘அடுத்த மாசம், உறப்பு’ என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு அவன் போன் எடுப்பது குறைந்தது. பிறகு ஒருநாள் அவன் வாட்ஸாப் படத்தில் பின்னால் நீலக் கடல் தெரிந்தது. அதே நாடு, அதே கடற்கரை. அந்த நாட்டு வேலை ஒன்றைப் பிடித்து, வரிசையில் நிற்காமல், பெண்டாட்டி பிள்ளையோடு போய்ச் சேர்ந்துவிட்டான் படுபாவி. ஈஸ்வரமூர்த்தி அன்று கடையைத் திறக்கவில்லை.

சங்கரியோடு படித்த தன்யாவுக்கு இரண்டு பிள்ளைகள் ஆகிவிட்டன. மற்ற வகுப்புக்காரிகள் நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் வக்கீல்களாகவும் பள்ளிக்கூடத்தில் டீச்சர்களாகவும் ஆனார்கள். சங்கரி கல்லூரியில் மறுபடி சேரலாமா என்று கேட்டபோதெல்லாம், நாளைக்கே அனுமதி வந்துவிட்டால் பாதியில் நிற்க வேண்டுமே என்று வீட்டில் தடுத்தார்கள். நான்காம் வருடம் அவள் தானே பொன்னப்பனிடம் போய் முடிச்சை அவிழ்க்கச் சொன்னாள். நேர்ந்தவள்தான் வந்து, அந்த அனுமதி எனக்கு வேண்டாம் என்று அம்மன் முன்னால் வாயால் சொல்லி அவிழ்க்க வேண்டும் என்றார் அவர். சங்கரி வீட்டுக்கு வந்து தாயின் காலடியில் உட்கார்ந்தாள்.

“வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. எனக்கு இருபத்தொண்ணு ஆகணும்.”

“இம்புட்டு நாள் பொறுத்தாச்சுல்லா மக்கா. தோட்டமும் போச்சு. இப்போ வேண்டாம்னு எப்படிச் சொல்லுவேன்?”

அந்த ஒரு வார்த்தை நீலாம்பாளுக்கு வாயில் வரவேயில்லை. நான்காம் வருடமும் வரவில்லை, ஏழாம் வருடமும் வரவில்லை. கெட்ட தாய் என்று அவளை யாரும் சொல்ல முடியாது. ஆனால் போட்ட காசின் பக்கமும் பிள்ளையின் பக்கமும் அவள் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வருடங்கள் ஓடின.

ஒன்பதாம் வருடம் சித்திரையில் அனுமதி வந்தது. ஈஸ்வரமூர்த்தி கணிப்பொறி முன்னால் உட்கார்ந்தபடியே கூவினார். தகப்பன், தாய், இருபத்தொரு வயதுக்குட்பட்ட மகள் ஒருத்தி. கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சங்கரிக்கு முதலில் ஜலதோஷம் விட்டது. பிறகு அந்தப் பல் முழுசாக முளைத்தது. முடி முதுகைத் தாண்டி இறங்கியது, காதோரம் இரண்டு நரை வந்தது, கண்ணோரம் கோடு விழுந்தது. ஒன்பது வருடமும், ஒன்றுகூடக் குறையாமல், ஒரு வாளித் துணி காயப்போடுவதற்குள் வந்து முடிந்தன. சிரித்தபடி ஓடிவந்த நீலாம்பாள் கொல்லையில் இருபத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி ஈரத் துண்டோடு நிற்பதைக் கண்டாள்.

“வந்திட்டா?” என்று கேட்டாள் சங்கரி.

“வந்திட்டு மக்கா” என்று சொல்லிவிட்டு நீலாம்பாள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

பாஸ்போர்ட்டிலும் பழைய வருடம் திரும்பி வந்திருந்தது. கொச்சியில் கைரேகை எடுக்கிற இடத்தில் ஒரு பெண் மிகவும் மரியாதையாக, மகளுக்கு வயது கடந்துவிட்டது, பெயரை நீக்குகிறோம், உங்கள் இருவருக்கும் வாழ்த்துகள் என்றாள். ஈஸ்வரமூர்த்தி மேசையில் ஓங்கி அடித்தார். தாமதித்தது நாங்களா, நீங்களா என்று கேட்டார். முத்திரை குத்துகிற நாளின் வயதைத்தான் பார்ப்போம் என்றாள் அவள். இதுவரை ஒருவரிடமும் குரல் உயர்த்தியிராத மனிதர், வெளியே கார் நிறுத்துமிடத்தில் நின்று சின்னப் பிள்ளையைப் போல ஏங்கி ஏங்கி அழுதார். யாருக்காக அந்த நாடு வேண்டுமென்று நினைத்தாரோ அவளைத்தான் வேண்டாமென்றுவிட்டார்கள். கிருஷ்ணகுமார் தகப்பனைத் தாங்கிக் காரில் ஏற்றிவிட்டு, நீ முன்னால உட்காரு அக்கா என்றான்.

நேர்ச்சைக் கடனை வைத்திருக்க முடியாது. இத்தனை பேர் வாக்குக் கொடுத்ததில் சொன்னபடி நடந்தவள் இசக்கி ஒருத்திதான். அடுத்த வெள்ளிக்கிழமை குடும்பம் பட்டோடும் பொங்கல் பானையோடும் கோயிலுக்குப் போயிற்று. பொன்னப்பன் முடிச்சை அவிழ்த்தார். சங்கரியைப் பார்த்து, வளர்ந்துட்டியே பிள்ளே என்று மட்டும் சொன்னார். பிறகு வழக்கம்போல, வேறே நேர்ச்சை ஏதும் உண்டா என்று நீலாம்பாளிடம் கேட்டார். நீலாம்பாள் கண்களை மூடிக் கைகூப்பினாள். அந்த நாட்டுச் சட்டம் மாறும்வரை என்று என்னவோ கேட்கத்தான் வாயைத் திறந்தாள்; அவள் முகத்தைப் பார்த்த எல்லாருக்கும் அது தெரிந்தது. சங்கரி சட்டென்று தன் உள்ளங்கையால் தாயின் வாயைப் பொத்தினாள்.

“வேண்டாம்மா. ஒன் கால்ல விழுகேன், எனக்காக இனி ஒண்ணும் நேராதே. அண்ணைக்கி என்னெ ஒரு வார்த்தை கேட்டியா நீ?”

நீலாம்பாள் அந்தக் கைக்குள் ஏதோ சொன்னாள், பிறகு அழுதாள். கண்ணீர் விரல்களின் மேல் வழிந்தது. சங்கரி கையை எடுக்கவில்லை. பொன்னப்பன் திருநீற்றுத் தட்டை எடுத்துவந்தார். பிறகு இரண்டு பேர் நெற்றியிலும் திருநீற்றைப் பூசிவிட்டு, வரிசையில் அடுத்து நின்றவரைக் கூப்பிட்டார்.