மீசை விழாத திருவிழா

மாரியம்மன் மேல் ஆணையாகச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கிற பல்லெல்லாம் இன்றைக்கே கொட்டிப்போகட்டும்.

1998ஆம் வருடம், இலங்கையில் யட்டியாந்தோட்டைக்கு மேலே எங்கள் தோட்டத்துத் திருவிழா. நாடகத்தில் சம்பந்தி வேடம் வழக்கம்போல எனக்குத்தான். நான் கண்ணை உருட்டி, கன்னத்தை உப்பவைத்து, கடைசியில் ஒட்டுமீசை கழன்று டீயில் விழும்போது சனம் தரையில் புரளும். வருடாவருடம் அப்படித்தான்.

அந்தத் தடவை நாடகம் பழக்கியவர் பள்ளிக்கூடத்துக் கஜேந்திரன் மாஸ்டர். கேகாலையில் ஏதோ நடிப்புப் பயிற்சிக்குப் போய்வந்திருந்தார்.

"ஏழுமலை மாமா, எந்த ஊருல சம்பந்தி இப்படி மூஞ்சியக் கோணிக்கிட்டுப் பொண்ணு பாக்க வர்றாரு? நீங்க சும்மா உக்காந்தாலே சிரிப்பு வரும்."

"சும்மா உக்கார்றதுக்கு நான் எதுக்கு மாஸ்டர்? பட்டியில இருந்து ஒரு மாட்டப் புடிச்சாந்து கட்டுங்க."

"மாடு உங்கள விட அளவா நடிக்கும் மாமா."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு ரோஷம் வந்தது. "மூஞ்சிய ஆட்டாம ஒருத்தன் இந்தச் சனத்தச் சிரிக்க வச்சுட்டா, நான் மேடை ஏறுறதையே விட்டுர்றேன்!" என்று சபையில் சொல்லிவிட்டேன்.

மாஸ்டர் ஒரே கட்டளைதான் போட்டார்: மீசை விழக்கூடாது. விழாத மீசையோடும் முகத்தைக் கோணிக் காட்டுகிறேன் பார் என்று, அன்று வெட்டிய ரப்பர் பாலை மூக்குக்குக் கீழே தடவினேன். சீக்கிரம் பிடிக்கட்டுமென்று, ரப்பர் ஷீட் போடப் பாலை உறைய வைக்கிற எசிட்டையும் கொஞ்சம் விட்டேன். பால் தாடைவரை வழிந்தது.

மேடையில் உட்கார்ந்தபோது முகம் மொத்தமும் இறுகிவிட்டது. வாய் திறக்கவில்லை. கன்னம் அசையவில்லை. கண் மட்டும்தான் என் சொல் கேட்டது.

பெண்ணின் தகப்பனாக வந்த மாஸ்டர், "வாங்க சம்பந்தி, பயணமெல்லாம் எப்படி?" என்றார். அவரைப் பார்த்தேன். சனம் சிரித்தது.

"வடை எடுங்க."

வடையைப் பார்த்தேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. டீயைக் குடிக்கப் போனேன். அது நேரே வேட்டிக்குப் போனது. தமிழ் தெரியாத பக்கத்துக் கிராமத்துச் சிங்கள ஆட்கள்கூட "ஹரி ஷோக்!", பிரமாதம் என்று கத்தினார்கள்.

இது நடிப்பில்லை, எசிட்டு என்று எப்படிச் சொல்வது? எழுந்து ஓடப் பார்த்தேன். மாஸ்டர் தோளைப் பிடித்து அமுக்கி, காதோடு, "மாமா, கண்ணுல தண்ணிகூட அசலா வருதே!" என்றார். முன்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி சுப்பம்மாவைக் கண்ணாலேயே கெஞ்சினேன்.

"வீட்டுலயும் இப்படி வாயத் தொறக்காம இருந்தா, நான் ஏன் சண்ட புடிக்கப் போறேன்?" என்றாள். அதற்கு வேறு சிரிப்பு.

சனம் சிரிக்கச் சிரிக்க மேடை என்னைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அனுப்பிக்கொண்டிருந்தவனும் நான்தான்.

தேங்காயெண்ணெய் தேய்த்து உரித்தபோது மூக்கும் தாடையும் மீசையுமாக ஒரே துண்டாய் வந்தது. மாஸ்டர் அதை ஷீட்டுகளோடு தொங்கவிட்டுப் புகைபோட்டுக் காயவைத்தார். அடுத்த திருவிழாவில் சம்பந்தியாக என் முகம் நடித்தது. உள்ளே மாஸ்டருடைய தம்பி. நான் கீழே சனத்தோடு உட்கார்ந்திருந்தேன். சிரிக்கவே கூடாது என்றுதான் போனேன். முடியவில்லை.

ஆணையிட்டுவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: எங்கள் தோட்டம் முழுக்கத் தேயிலை. அங்கே ஒரு ரப்பர் மரம்கூடக் கிடையாது.