உப்புக் குளத்தின் வாய்

குளத்தின் கிழக்குக் கரை வேர்த்திருந்ததை முதலில் பார்த்தவர் ரேடியோதான். பம்பு ஆபரேட்டரான அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. ஓயாமல் பேசுகிற மனிதர் என்பதால் கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. கரையடியில் குனிந்து, ஈர மண்ணை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். கரித்தது.

ஆற்றில் உப்பு ஏறாமல் காப்பாற்றத்தான் அந்தக் குளமே. பல வருஷப் பாசனத்தில் நிலத்தடி உப்புநீர் மேலே எழும்பி ஆற்றுக்குள் கசியத் தொடங்கியிருந்தது. கீழே நகரத்தில் குழாய்த் தண்ணீரைக் குடித்த குழந்தைகள் முகம் சுளித்தன. அரசாங்கம் ஆற்றோரம் வரிசையாக ஆழ்குழாய்களை இறக்கி, உப்புநீரை ஆற்றில் சேருமுன் உறிஞ்சி, இந்தக் குளத்தில் கொட்டி வெயிலில் காயவிட்டது. நகரத்துப் பாலத்தடியில் ஒரு மீட்டர் வைத்திருந்தார்கள். அதில் காட்டும் எண் வரம்பைத் தாண்டினால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும். குளம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

குளத்தில் தண்ணீர் வந்து விழும் இடத்தில் சக்கரம் வைத்த பெரிய வால்வு ஒன்று உண்டு. ஆபீஸில் அதை இன்லெட் வால்வு என்பார்கள். வேலையாட்களுக்கு அது ‘வாய்’. வாயை மூடினால் ஆழ்குழாய்கள் நின்றுவிடும், உப்பு ஆற்றுக்குப் போய்விடும். அதனால் ஆபீஸ் உத்தரவில்லாமல் அதைத் தொடக் கூடாது. ரேடியோவுக்கு முன்னால் இருந்தவர் ஒரு நாள் தொட்டார். அதோடு அவர் வேலை போயிற்று.

கிழக்குக் கரையை ஒட்டித்தான் ரேடியோவின் தங்கை வீடு. வீட்டைச் சுற்றி எலுமிச்சைத் தோட்டம். தோட்டத்து நடுவே ஒரு கிணறு. அந்தப் பக்கத்தில் நல்ல தண்ணீர் மிச்சமிருந்த ஒரே கிணறு அது.

காலையில் தங்கையின் புருஷன் மண்வெட்டியோடு கரையேறி வந்தார்.

“மச்சான், கரை ஈரமா இருக்கே, பாத்தீங்களா?”

“பாத்தேன் மாப்ள. வேர்க்குது.”

“வேர்த்தா ஜுரம் எறங்குதுன்னு அர்த்தமா? மருந்து ஏதாவது குடுத்தீங்களா அதுக்கு?”

“வாட்ச்மேன்கிட்ட சொல்லி ஆபீஸுக்கு அனுப்பியிருக்கேன். பதில் வந்துரும்.”

“அதோ இருக்கு சக்கரம். திருப்ப உங்களுக்குக் கை இல்லையா? சாப்பாட்டுல உப்பு போட்டுத்தான சாப்பிடுறீங்க?”

“இங்க அடிக்கிற காத்துலயே உப்பு இருக்கு மாப்ள. தனியா போடணுமா?” என்றார் ரேடியோ. மாப்பிள்ளை சிரிக்கவில்லை. ரேடியோ குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நான் மூடுனா அங்க புள்ளைங்க குடிக்கிற தண்ணியில உப்பு ஏறும். அத முடிவு பண்ண நான் யாரு? இன்ஜினியரம்மா நல்லவங்க. ஒரு வழி சொல்லுவாங்க.”

இன்ஜினியரம்மா வேலைக்குப் புதியவர். போன வாரம்தான் ரேடியோவைக் கூப்பிட்டு, “அண்ணே, கரையப் பத்தி வெளிய பேசிட்டு இருக்காதீங்க. ஜனங்க பயந்துருவாங்க. எதுவானாலும் முதல்ல எங்கிட்ட சொல்லுங்க” என்றிருந்தார். தன்மையாகத்தான் சொன்னார். ஆனாலும் ரேடியோவுக்கு அது உள்ளே சுருக்கென்று தைத்திருந்தது.

குளத்தருகே போன் எடுக்காது. செய்தி எல்லாம் வாட்ச்மேனின் மொபெட்டில்தான் வரும், போகும். அவர் நகரத்தில் ஒரு துணிக்கடை வாசலில் காவலிருந்துவிட்டு அண்மையில் இங்கே வந்தவர். வாய் என்றால் அவருக்கு முகத்தில் இருப்பது மட்டும்தான்.

மாப்பிள்ளை தோட்டத்துக்கு இறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் மொபெட் வந்தது. வாட்ச்மேன் இறங்காமலே சொன்னார்.

“உன்ன வாய மூடச் சொல்லிட்டாங்கய்யா.”

“என்னது?”

“ஆபரேட்டர உடனே வாய மூடச் சொல்லுங்கன்னாங்க. மூஞ்சியே சரியில்ல. நீ எத்தன தடவ எத்தன பேர்கிட்ட சொல்லுவ? பேசாம இரு கொஞ்ச நாளைக்கு.”

ரேடியோவின் காது மடல் சூடேறியது. எந்த இன்ஜினியரும் இதுவரை ‘வாய்’ என்று சொன்னதில்லை. இவர் சொல்வார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. திரும்ப ஒரு வார்த்தை கேட்டு அனுப்பியிருக்கலாம். அவமானப்பட்ட மனிதனுக்கு இரண்டாம் முறை கேட்க நாக்கு எழுவதில்லை.

தோட்டத்திலிருந்து மாப்பிள்ளை குரல் கொடுத்தார். “என்ன மச்சான் சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல” என்றார் ரேடியோ. பம்பு ரூமுக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். மோட்டார்களின் சத்தம் சீராக இருந்தது. வெளியே வாய் திறந்தபடி குளத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது.

உச்சி வெயில் சாய்ந்ததும் கரை சரிந்தது. வெள்ளம் போல இரைச்சலெல்லாம் இல்லை. தெளிந்த தண்ணீர், கணுக்கால் உயரம், வெயிலில் மினுங்கிக்கொண்டு, ஒவ்வொரு மரத்தடியாக நின்று நின்று போயிற்று. தங்கை பாயையும் மெத்தையையும் கிணற்றைச் சுற்றிப் போட்டு மறித்தாள். தண்ணீர் மெத்தைக்கடியில் புகுந்து, சுவர் இடிந்திருந்த பக்கமாகக் கிணற்றுக்குள் இறங்கியது. அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

ரேடியோ ஓடிப்போய்ச் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினார். உள்ளங்கைத் தோல் பிய்ந்தது. வாய் மூடியபோது தோட்டம் முழுக்கத் தேங்கிய தண்ணீரில் வானம் தெரிந்தது.

ஜீப் வந்து நின்றது. இன்ஜினியரம்மா சேற்றில் இறங்கி ஓடிவந்தார்.

“காலையிலயே வாய மூடச் சொன்னேனே அண்ணே. ஏன் மூடல?”

ரேடியோ அவரைப் பார்த்தார். “மூடிக்கிட்டுத்தாம்மா இருந்தேன்.”

இன்ஜினியரம்மாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ரேடியோவின் முகத்தைப் பார்த்தார். பின்னால் நின்ற வாட்ச்மேனின் முகத்தையும் பார்த்தார். பிறகு அப்படியே கரைமேல் உட்கார்ந்துவிட்டார்.

“நீங்கல்லாம் அப்படித்தான சொல்லுவீங்க” என்றார் மெதுவாக. “உங்க வார்த்தையிலயே சொன்னா சட்டுனு புரியும்னு நெனச்சேன்.”

அன்று ஆற்றில் உப்பு ஏறினால் ஏறட்டும், கேள்வி வந்தால் தானே பதில் சொல்லிக்கொள்வது என்று மேலிடத்தைக் கேட்காமல் முடிவெடுத்திருந்தார் அவர். அந்த நல்ல மனசு தோட்டம் வரைக்கும் வந்து சேரவில்லை. பாலத்தடி மீட்டர் அன்று முழுவதும் வரம்புக்குள்ளேயே நின்றது. திட்டம் நல்லபடி நடக்கிறது என்று மறுநாள் பேப்பரில் செய்தி வந்தது.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். தகவல் எங்கே தவறியது என்று கேட்டார். எல்லார் கண்ணும் வாட்ச்மேன் பக்கம் போயிற்று.

“அம்மா சொன்னத அவரு அப்படியே சொன்னாருங்க. என் காதுதான் தப்பா வாங்கிருச்சு” என்றார் ரேடியோ.

“இல்ல சார், நான் சொன்ன விதம்தான் தப்பு” என்றார் இன்ஜினியரம்மா.

பழியை இப்படி ஆளுக்காள் தன் பக்கம் இழுத்துக்கொள்வதை அந்த அதிகாரி அதற்கு முன் பார்த்ததில்லை. என்றாலும் யார் பேரையாவது எழுதித்தானே ஆகவேண்டும். இன்ஜினியரம்மாவை வேறிடத்துக்கு மாற்றினார்கள். கரையை உயர்த்தினார்கள். வாய் மறுபடி திறந்தது.

எலுமிச்சை இலைகள் ஓரம் கருகி, சுருண்டு, காற்றில்லாத நேரத்திலும் உதிர்ந்தன. கிணற்று நீரில் பாத்திரம் கழுவினால்கூட வெள்ளை படிந்தது. யாரும் கேட்காமலே வாட்ச்மேன் தினமும் மொபெட்டில் ஒரு கேன் நல்ல தண்ணீர் கொண்டுவந்து தங்கை வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே வரச் சொன்னால் வரமாட்டார். காய்கறி கழுவிய தண்ணீரைத் தங்கை கொல்லைக் கதவோரத்து மரத்துக்கு ஊற்றினாள். அது பிழைக்கும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

ரேடியோவும் தினமும் வருவார், உட்காருவார், போவார். அன்றிலிருந்து அவர் வேலைக்கு வேண்டியதற்கு மேல் பேசுவதில்லை. தோட்டம் திரும்ப வேண்டும் என்றுதான் தங்கை கடவுளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் அதை விட்டுவிட்டு, அண்ணனுக்குப் பேச்சு வரட்டும் என்று கேட்க ஆரம்பித்தாள்.

ஒரு சாயங்காலம் அவர் முன்னால் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் புருஷன் வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு, வெட்டி வந்த காய்ந்த கிளைகளை விறகுக்கு ஒடித்துக்கொண்டிருந்தார். கரை சரிந்த நாளிலிருந்து அவர் ரேடியோவோடு பேசியதில்லை.

“ஏண்ணா இப்படி இருக்க? வாயத் தொறந்து ஏதாவது சொல்லேன்.”

“என்னத்தம்மா சொல்றது?”

“எதையாவது. வீட்டுல கெளை ஒடிக்கிற சத்தம் மட்டுந்தான் கேக்குது.”

ரேடியோ தட்டைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். “அந்த வாட்ச்மேன் மொபெட்டு இருக்கே,” என்று தட்டைப் பார்த்தபடியே முணுமுணுத்தார். “பிரேக்கே கெடையாது. கேன் தளும்பக் கூடாதுன்னு ரெண்டு காலையும் தரையில தேச்சிக்கிட்டேதான் வர்றாரு. செருப்பு பாதிதான் இருக்கு…”

கிளை ஒடிக்கிற சத்தம் நின்றது.

“கொஞ்சம் சத்தமா சொல்லுங்க மச்சான்” என்றார் மாப்பிள்ளை, திரும்பாமலே. “இங்க கேக்கல.”