செய்திப் பாடு

நவம்பர் மாதத்துப் புயல் ரோசியின் வீட்டில் மட்டும் அடித்தது. காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியம் இரண்டு வரை. பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணி அசையவில்லை.

ஊருக்கு இதில் வியப்பில்லை. பழவேற்காடு ஏரியில் யார் எந்த நாள் எங்கே வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். நான்கு வருடம் முன்பு சென்னை நாளிதழ் ஒன்று தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பத் தொடங்கியபோது, குப்பத்தில் நாற்பது வீடுகள் எண் கொடுத்தன. நாற்பது போனும் சேர்ந்து திறந்தால் அங்கிருந்த டவர் தாங்கவில்லை. தலைவர் மாசிலாமணி செய்திக்கும் பாடு வைத்தார், நாளுக்கு ஒரு வீடு. அன்றிலிருந்து செய்தி அந்த வீட்டில்தான் திறந்தது; செய்தியில் இருந்ததும் அந்த வீட்டோடு நின்றது. வெப்ப அலை வடிவேலு வீட்டில் மூன்று நாள் தங்கிப் போனது. தேர்தல் பிரசாரம் ஜாக்குலினின் சமையலறைக்குள் மேளத்தோடு நுழைந்து, அவளிடம் மட்டும் ஓட்டுக் கேட்டுவிட்டுக் கொல்லைப்புறமாக வெளியேறியது. ஒருமுறை பெரியசாமி காய்ச்சல் செய்திக்குப் பயந்து திறக்காமல் விட்டார். பத்து மணிக்குள் திறக்காத செய்தி ஊர் முழுக்கப் பரவி, நாற்பது வீடும் காய்ச்சலில் படுத்தது. நாளிதழ் அலுவலகத்தில், நாற்பது பேரில் ஒருவர்தான் படிக்கிறார் என்று எழுத்தைப் பெரிதாக்கினார்கள், மணிப் படம் சேர்த்தார்கள், செய்தியைக் குரலில் பேசியும் அனுப்பினார்கள்.

ரோசியின் பாடு வந்த அன்று திரையில் முதல் வரி மட்டும் தெரிந்தது: புயல் இன்று கரையைக் கடக்கிறது. அவள் கணவன் பால்ராஜோடு பதினொரு படகுகள் விடியுமுன்பே கடலுக்குப் போயிருந்தன. அங்கே டவர் கிடையாது, கூப்பிட்டுச் சொல்ல வழியில்லை.

மாசிலாமணி வாசலில் வந்து நின்றார். "இன்னாம்மா, தொறந்தியா?"

"ஓடு மாத்தி ஒரு மாசம்கூட ஆவல மாமா."

"பதினோரு படகு வெளிய கீது."

"உங்க வூட்டுப் பாடுன்னா மட்டும் சினிமா சேதியா வருது. அது எப்டி?"

"நானா எழுதறேன்? பேப்பர்காரனப் போய்க் கேளு."

ரோசி சிலிண்டரையும் ரேஷன் கார்டையும் மாதா படத்தையும் வெளியே எடுத்து வைத்தாள். பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது செய்தியைத் திறந்தாள். பிறகு ஜாக்குலின் வீட்டு வாசலில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்தபடி, ஓடுகள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து மேலே போவதைப் பார்த்தாள். அழ வேண்டும் என்று தோன்றியது. அதற்கும் தெம்பில்லை.

மூன்று மணிக்குப் படகுகள் திரும்பின. பால்ராஜ் எரிச்சலோடு வந்தான். "காத்தே இல்லடி இன்னிக்கு. கடல் தட்டு மாதிரி கெடந்துச்சு." சுவர் மட்டும் நின்ற வீட்டைப் பார்த்தான். "நம்ம பாடா?"

"ஆமா."

"மழையுமா?"

"மழையுந்தான்."

அவன் தலையாட்டிவிட்டுத் தார்ப்பாய் வாங்கி வரப் போனான். சாயங்காலம் நாளிதழிலிருந்து இன்னொரு வரி வந்தது: இன்றைய செய்தி உங்களுக்குப் பயன்பட்டதா? ஆம் எனில் 1, இல்லை எனில் 2. ரோசி கரையில் வரிசையாகக் கிடந்த பதினொரு படகுகளையும் ஒருமுறை எண்ணினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்து, ஒன்றை அழுத்தினாள். பிறகு எழுந்து போய், பால்ராஜ் வாங்கி வந்து விரித்துக்கொண்டிருந்த தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்தாள்.