நஞ்சப்பன் வைத்த கிரீஸ்

விடிவதற்குள் வாளையார்ப் பக்கத்து ஜல்லிக் கிரஷரில் கல்தூள் இடுப்பளவு குவிந்துவிடும். கல்லைச் சுமந்து ஓடும் பெல்ட்டுக்கு அடியில் குனிந்து அதை அள்ளிக் கொட்டுவது வள்ளியாத்தாளின் வேலை. மூச்சை இழுத்தால் தொண்டை வரைக்கும் தூள். புருஷன் நஞ்சப்பனின் கருமாதி முடிந்ததுமே வந்துவிட்டாள். வயிறு துக்கம் பார்க்குமா?

அவனும் இங்கேதான் கிரீஸ் வைக்கிற ஆளாக இருந்தான். பெல்ட்டை இழுக்கும் உருளையின் பேரிங் இறுகி, தண்டு முறிந்து, உருளை அவன்மேல் விழுந்தது. கிரீஸ் வைக்காததால் வந்த வினை, நட்டஈடு கிடையாது என்று முதலாளி பூபதிராஜா முடித்துவிட்டார். அவளும் நம்பினாள், பாவி மகள். ஒழுங்காக வேலை பார்க்காமல் எங்களை நடுத்தெருவில் விட்டாயே என்று பிணத்தைப் பார்த்து ஊரறிய வைதாள்.

அவள் வேலைக்கு வந்த சில நாளில், ஒரு காலை ஃபிட்டர் ஆறுச்சாமி, சந்தேகம் தாளாமல், அந்தப் பழைய பேரிங்கை அறுத்தார். ஆட்கள் சுற்றி நின்றார்கள். கருத்துப் போயிருந்தாலும் உள்ளே கிரீஸ் நிறையவே இருந்தது. வழித்துத் துடைத்தால், வளையத்தின் உட்புறம் ஏணிப்படி மாதிரி வரிவரியாகத் தழும்பு. அவர் முகம் செத்துவிட்டது.

"அம்மிணி, இது கிரீஸ் பத்தாம வந்ததில்ல. வெல்டிங் கரண்டு பேரிங்குக்குள்ள பூந்து போயிருக்குது. உருளைக்கு வெல்டிங் வெச்சது நான்தான்."

கரண்டு திரும்பிப் போகும் எர்த் ஒயரை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். இங்கே இருந்ததோ அறுந்து அறுந்து குட்டையான ஒயர். எட்டிய இடத்தில், பேரிங்குக்கு அந்தப் பக்கம் மாட்டினார்கள்; கரண்டு பேரிங்கைக் கடந்துதான் போயாக வேண்டும். நீள ஒயர் கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் வாய் வலித்ததுதான் மிச்சம்.

வள்ளியாத்தாள் அந்தக் கிரீஸை விரலால் தொட்டாள். நெஞ்சு வெடிக்க அழுதாள். மன்னிப்புக் கேட்கக்கூட ஆளில்லையே!

சத்தம் கேட்டு வந்த பூபதிராஜா எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்தார்.

"அப்பறமென்ன? உன்ற புருசனக் கொன்னவன் எதுக்கால நிக்கறான். கேஸு குடு, நானே வக்கீல் வெச்சுத் தாரேன்."

ஆறுச்சாமி தலை தூக்கவில்லை. ஒரு கணம் அவர் கழுத்தை நெரிக்கத்தான் அவளுக்கும் தோன்றியது. பிறகு முதலாளியிடம் திரும்பினாள்.

"ஒயர் வாங்கித் தராதது யாருங்க?"

"ஒரு ஒயருக்கா இத்தன பேச்சு?"

"ஒரு ஒயருக்குத்தானுங்க என்ற ஊட்டுக்காரரு செத்தாரு."

யாரோ போய் கிரஷரை நிறுத்தினார்கள். கேட்டைத் தாண்டினால் ஒருத்தனுக்கும் வேலையில்லை என்று பூபதிராஜா கத்தினார். தாண்டினார்கள். ஒயர் கேட்ட அத்தனை பேரும் லேபர் ஆபீசில் சாட்சி சொல்வதென்று பேச்சு. அங்கே கேட்பார்களோ, மாட்டார்களோ, யார் கண்டது?

லாரிகள் உரசிப் போகும் சாலையோரமாக ஆட்கள் லேபர் ஆபீசுக்கு நடந்தார்கள். ஆறுச்சாமி மட்டும் எல்லாருக்கும் பின்னால், தனியாக. வள்ளியாத்தாள் நின்றாள். அவர் வந்து சேரும்வரை நின்றாள்.

"முன்னால வாங்ணா. மொதல்ல நீங்கதான் சொல்லோணும். பக்கத்துல நான் நிக்கறனுங்க."