கணவாயில் இரண்டு இன்ஜின்கள்

அந்த ஜூலை மாதம் முழுக்க செனுமாவுக்கு உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது. கம்பெனி முதன்முதலாக ஒரு சின்னக் கார் கொண்டுவரப் போகிறது. சின்னக் காருக்கு ஜப்பான் அரசாங்கம் வகுத்த எல்லை முந்நூற்றறுபது சி.சி. அதற்குள் இரண்டு சிலிண்டர். செனுமா செய்த இன்ஜின் ஃபோர் ஸ்ட்ரோக். அவனோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த இசோகாய் செய்தது டூ ஸ்ட்ரோக். இரண்டில் ஒன்றுதான் காருக்குள் போகும்.

செனுமாவின் இன்ஜினில் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. இழுவைக்குக் குறைவில்லை, ஆனால் வண்டியே குளிர்காய்ச்சல் கண்டவன்போல நடுங்கியது. இசோகாயுடையதில் ஒன்று ஏற, மற்றது இறங்கும். புகை கக்கும், நடுக்கம் குறைவு.

"சாப்பிட உக்காந்தாலும் கால ஆட்டுறீங்க. மிசோ சூப்பு தளும்புது பாருங்க," என்றாள் அவன் மனைவி ஃபுசே. அவன் பாதியில் எழுந்து தொழிற்சாலைக்குப் போய்விட்டான்.

இரண்டு இன்ஜின்களையும் பொருத்திய சோதனை வண்டிகள் உச்சி வெயிலில் உசுயி கணவாய் ஏற வேண்டும் என்று கம்பெனி இயக்குநர் அமாகாசே உத்தரவு போட்டார். உச்சியிலிருந்த டீக்கடையில் அவரே காத்திருந்தார்.

பாதி மலையில், முன்னால் போன இசோகாயின் வண்டி ஒரு வளைவில் கிறீச்சிட்டு நின்றது. செனுமா அதைத் தாண்டி ஏறினான். எதிரே வழி காலியாகக் கிடந்தது. அடுத்த வளைவு வரைக்கும்தான் மனசு கேட்டது. தன்னையே திட்டிக்கொண்டு வண்டியைப் பின்னால் உருட்டிவந்தான்.

"எதுக்குடா வந்தே? போய்த் தொலை. அதான் ஜெயிச்சுட்டியே!" என்று இசோகாய் சீறினான்.

"வாய மூடிட்டு கயித்த எடு. என்னாச்சு?"

"ரெண்டாவது சிலிண்டர்ல பிஸ்டன் சூட்டுல பிடிச்சுக்கிச்சு. ஆற வைக்கிற காத்தே அதுக்குப் போகல. டேய், என்னையும் இழுத்தா உன் வண்டியும் வெந்துடும்டா."

"வேகட்டும்."

முதல் கியரில் முக்கி முனகி ஏறினார்கள். உச்சி தெரிகிற நேரத்தில், நடுக்கத்தில் போல்ட்டுகள் கழன்று சைலன்சர் ரோட்டில் விழுந்தது. காது கிழியும் சத்தத்தோடு இரண்டு வண்டிகளும் டீக்கடை வாசலுக்கு வந்து சேர்ந்தன.

அமாகாசே செனுமாவின் வண்டியில் ஏறி ஒரு சுற்றுப் போகச் சொன்னார். திரும்பி வந்தபோது தாடையைப் பிடித்திருந்தார்.

"உன் இன்ஜினுக்கு மாட்டுப் பலம் இருக்கு செனுமா. ஆனா என் பல்செட்டு கழண்டு மடியில விழுந்துடுச்சு. இதுல எவன் பொண்டாட்டி புள்ளைய ஏத்திட்டுப் போவான்? இசோகாயோட இன்ஜினையே போடுவோம். பிஸ்டன் பிடிக்காம பாத்துக்க வேண்டியது நீ."

"நானா சார்?"

"உன் இன்ஜின் ரெண்டு வண்டிய இழுத்தும் வேகலையே. காத்து விடற வித்தை உனக்குத்தானே தெரியுது."

செனுமா தலை குனிந்து வணங்கினான். காது மடல்கள் சிவந்து எரிந்தன.

வீட்டில் ஃபுசே முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். "தோத்துட்டீங்களா?"

"தோத்துட்டேன்."

"போகட்டும். இனிமேலாவது தூங்குவீங்கல்ல?"

"எப்படித் தூங்கறது? அந்த ரெண்டாவது சிலிண்டருக்கு எந்தப் பக்கமா காத்து விடறதுன்னே தெரியலையே!"

இலையுதிர்காலம் முழுக்க அவனும் இசோகாயும் சண்டை போட்டார்கள். விசிறியைப் பெரிதாக்கினார்கள், காற்றை இரண்டு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் தகரக்கூடுகளைச் சரிவரும் வரை வளைத்து வளைத்து எறிந்தார்கள். அடுத்த கோடையில் அந்தக் கார் நாலு பேரைச் சுமந்து, நிற்காமல் கணவாயைத் தாண்டியது. இசோகாய் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினான்.

செனுமா பின்சீட்டில் இருந்தான். மகிழ்ச்சிதான். ஆனாலும் மறுநாளே அமாகாசேயின் அறைக் கதவைத் தட்டி, தன் பழைய இன்ஜினோடு நடுக்கத்தை அடக்க எதிர்ப்பக்கமாகச் சுழலும் ஒரு எடையைச் சேர்த்துப் பார்க்க, பட்டறையில் ஒரு மூலை கேட்டான்.

அவர் நிமிர்ந்து பார்த்து, "நீ சும்மாவே இருக்க மாட்டியாய்யா?" என்றார். மூலை கிடைத்தது.