பொறு, அடுத்த மாதம் வருகிறது

…புது செல்லின் பேட்டரி ஆறாயிரம் எம்.ஏ.எச். என்று ஒருவன் லீக் விடுகிறான், ஐயாயிரத்து ஐந்நூறைத் தாண்டவே தாண்டாது என்று இன்னொருவன் சத்தியம் செய்கிறான், இரண்டு பேருமே அந்த செல்லைக் கண்ணால் கண்டதில்லை, ஆனாலும் சக்கரபாணி இரண்டு பேரையும் நம்பினான். மாலை ஐந்து மணிக்கு அறிமுகம். விலை பன்னிரண்டாயிரத்துக்குள் இருந்துவிட்டால் போதும், மேலே போனால்… போகாது, போகக் கூடாது, அருணாசலா! அக்னி லிங்கம் தாண்டிய பிறகுதான் சாமி பெயரே மனசுக்குள் வந்தது, அதுவும் ஒரு செல்போன் விலைக்காக. பக்கத்தில் மனைவி சந்திரகலா செருப்பில்லாத காலை அளந்து அளந்து வைத்து நடந்துகொண்டிருந்தாள். ராஜகோபுரத்துக்கு எதிரே கற்பூரம் ஏற்றியதுமே சட்டம் போட்டுவிட்டாள், "சுத்தி முடிக்கிற வரைக்கும் பேசக் கூடாதுங்க, செல்லப் பாத்துக்கினே நடக்கவும் கூடாது, சொல்லிட்டேன்." மௌன கிரிவலமாம். வருஷத்தில் இத்தனை நாள் இருக்க, இன்றைக்குத்தானா மௌனம் பிறக்க வேண்டும்? நிறைமாத கர்ப்பிணி போல மெதுவாக நடக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது காலுக்குத்தான், மனசுக்கு யாரும் சொல்லவில்லையே, அது பாட்டுக்குக் குதிரையாக ஓடிக்கொண்டிருந்தது.

ஊரில் அவனுக்கு ஒரு பெயர் உண்டு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லாட்ஜில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவன்தான், ஆனால் செல் வாங்குகிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன்னால் அவனிடம் வருவார்கள். "சக்கரபாணி, இது வாங்கலாமா?" அவன் ஒரு முறை கண்ணை மூடித் திறப்பான், "பொறுங்க, அடுத்த மாசம் ஒண்ணு வருது." என்ன ஒரு சுகம் அந்த வார்த்தையில்! லாட்ஜ் முதலாளி சகாதேவன்கூட அவன் பேச்சைத் தட்டியதில்லை. மகள் பிளஸ் டூ படிக்க டேப் வேண்டும் என்றார், பொறுங்கண்ணே, பெரிய ஸ்கிரீன்ல வருது என்றான், பொறுத்தார், அது வந்தது, அதைவிடப் பெரியது வரப்போவதாகச் செய்தியும் வந்தது, மறுபடி பொறுத்தார், அந்தப் பெண் இப்போது காலேஜுக்கே போய்விட்டது. அவர் முகத்தில் ஒரு மாதிரி வாட்டம் தெரிந்தது உண்மைதான். ஆனால் விலை எவ்வளவு கம்மி ஆகியிருக்கிறது! அதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? அவனே விளிம்பு உடைந்த பழைய செல்லைத்தான் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறான், ஊருக்கு ஒரு நியாயம் தனக்கு ஒரு நியாயம் என்று எவனும் சொல்ல முடியாது.

கலாவும் தையில் கேட்டாள். ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள், தைத்ததைப் படம் எடுத்து அனுப்பினால் ஆர்டர் வரும், ஆனால் கையில் இருந்தது அவன் கழித்துக் கொடுத்த செல், கண்ணில் பூ விழுந்த மாதிரி ஒரு கேமரா, சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும், கட்டிப்போட்ட மாடாகச் சுவரோரம் நின்றுதான் பேசுவாள். மாசியில் ஒன்று வருகிறது, பொறு என்றான். பங்குனியில் விலை இறங்கும் என்றான். சித்திரையில் கேட்டபோது இந்த வெயிலில் புது பேட்டரி தாங்காது என்றான், அது தனக்கே எப்படித் தோன்றியது என்று இன்றுவரை வியப்புதான். அப்புறம் ஆடியில் புதுசு வாங்கக் கூடாது, ஆவணியில் வருவதாக இருந்தது தள்ளிப்போனது, இதோ புரட்டாசி… ஆனால் ஆடிக்கும் ஆவணிக்கும் அவள் கேட்கவே இல்லையே? காரணங்களைத் தயாராக வைத்திருந்தும் கேட்பாரில்லை. பக்குவம் வந்துவிட்டது அவளுக்கு. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று புரிந்துகொண்டாள். இன்றைக்கு விலை மட்டும் சரியாக அமையட்டும், இந்த முறை கட்டாயம் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும், அவள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். நல்ல மனுஷன்தான் நான் என்று நினைத்துக்கொண்டான்.

வருண லிங்கத்தைக் கும்பிட்டு அடி அண்ணாமலைக்குள் வந்ததும் கலா ஒரு கடையோரம் நின்றாள். இரண்டு விரலைக் காட்டினாள், கடைக்காரர் இரண்டு சுக்கு காபி கொடுத்தார், அவள் இடுப்பிலிருந்து சின்னப் பையை எடுத்தாள், பையிலிருந்து செல்லை எடுத்தாள், அட்டையில் இருந்த கட்டத்துக்கு நேரே பிடித்தாள், பிடித்த மாத்திரத்தில் கடைப் பெட்டி பணம் வந்துவிட்டதாகக் கத்தியது. சக்கரபாணி காபியை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நின்றான். அந்தப் பூ விழுந்த கேமராவா ஸ்கேன் செய்தது? சுவரில் செருகாமல் எப்படி எரிகிறது? பச்சை முதுகு, மூன்று கேமரா, ஓரம் தட்டை… இந்த மாடல் அவனுக்குத் தெரியுமே, தை மாதம் முழுக்க இதற்காகத்தானே தவம் கிடந்தான், சிப் பெயர் முதல் டப்பாவில் சார்ஜர் உண்டா என்பது வரை ஒப்பித்தானே, வெளியே வந்த அன்றே அது அவனுக்குப் பழசாகிவிட்டது. 'இது ஏது' என்று கையை ஆட்டிக் கேட்டான். கலா வாயைத் திறக்கவில்லை, விரதம் விரதம்தான். நின்ற இடத்தில் நிதானமாகத் தட்டினாள். அவன் பையில் செல் உறுமியது. நிற்கும்போது பார்க்கலாம் என்று அவளே கண்ணைக் காட்டினாள். "வைகாசியிலயே வாங்கிட்டேன். ஜாக்கெட் காசுல. நீங்களா பாத்து கேப்பீங்கன்னு இருந்தேன்."

வைகாசியிலா? ஆனி, ஆடி, ஆவணி… எத்தனை வேளை எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருப்பான், அவள் சோறு போட்டுவிட்டு இதில்தானே பேசியிருப்பாள், வீடெல்லாம் நடந்து நடந்து பேசியிருப்பாள், அவள் அனுப்பிய ஜாக்கெட் படத்தைப் பார்த்து 'சூப்பர் கிளியர்' என்று பதில்கூடப் போட்ட ஞாபகம் வருகிறதே, எதில் எடுத்தாள் என்று ஏன் தோன்றவில்லை? இன்னும் வராத செல்லுக்கெல்லாம் நிறம் தெரியும், எடை தெரியும். வீட்டில் இருப்பது… வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது, கோபப்படலாம் என்று பார்த்தால் அதற்கு முகாந்திரம் கிடைக்கவில்லை. பையில் செல் மறுபடி உறுமியது, விலைதான், ஐந்து மணி தாண்டிவிட்டது. எடுத்தவன் விலையைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான். காபியைக் குடித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள், சாய்ந்த வெயிலில் மூக்கில் ஒரு சிவப்புக் கல் மின்னியது. அட, நன்றாக இருக்கிறதே, இது எப்போது? 'மூக்குத்தி புதுசா' என்று அவசரமாகத் தட்டினான். அனுப்பப் போன கட்டைவிரல் நின்றது. கல்யாணத்தன்னிக்கே போட்டதுங்க என்று பதில் வந்துவிட்டால்? கலா திரும்பிப் பார்க்காமல் நடக்கத் தொடங்கியிருந்தாள். அவன் தட்டியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, பேசக் கூடாது என்ற சட்டத்துக்கு முதல் முறையாக நன்றி சொல்லிக்கொண்டு, அவள் பின்னால் நடந்தான்.